லாக் என்ற சொல்லும், லாக் எழுதும் முறையும்

ஃபோன் லாக் ஆகிவிட்டது என்கிறோம். சர்வர் லாக்கைப் பார் என்கிறோம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்துதான், ஏனென்றால் ஆங்கிலத்தில் 'கே'யில் முடியும் சொல்லையும் 'ஜி'யில் முடியும் சொல்லையும் நம்மிடம் இருக்கும் ஒரே ககரத்தை வைத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதனால் 'லாக் இன்' என்றால் பூட்டைத் திறந்து உள்ளே போவது என்று நினைப்பவர்கள் நிறைய. கடவுச்சொல் கொடுக்கிறோம், கதவு திறக்கிறது, பொருள் அழகாகத்தான் பொருந்துகிறது. ஆனால் அது தவறு. லாக் இன்னில் இருப்பது பூட்டு இல்லை, மரக்கட்டை. ஆலை கதவடைப்பைச் சொல்லும் 'லாக் அவுட்' பூட்டிலிருந்து வந்தது, கணினியை விட்டு வெளியேறும் 'லாக் அவுட்' மரக்கட்டையிலிருந்து வந்தது. ஒரே பக்கத்தில் அச்சடித்தால் வித்தியாசமே தெரியாது.

நடந்ததைக் குறித்து வைப்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த லாக்தான். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், அதை எப்படி எழுத வேண்டும் என்பதில் பாதி தானாகவே புரிந்துவிடும். அதனால் கதையை முதலில் சொல்கிறேன், முறைக்கு அப்புறம் வருகிறேன்.

கட்டையைக் கடலில் போட்டவர்கள்

லாக் என்றால் வெட்டிச் சாய்த்த மரத்துண்டு. ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டிலிருந்து புழங்கும் சொல். அது கப்பலுக்குள் வந்தது வேகத்தை அளக்கத்தான். நடுக்கடலில் எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர், மைல்கல் கிடையாது, கப்பல் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று எதை வைத்துச் சொல்வது? ஒரு மரத்துண்டைத் தண்ணீரில் போடு. கட்டை போட்ட இடத்திலேயே மிதந்து நிற்கும், கப்பல் அதை விட்டு விலகிப் போகும், எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் விலகியது என்று பார்த்தால் வேகம் கிடைத்துவிடும்.

வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1574இல் வெளியிட்ட கடலோடிகளுக்கான கையேட்டில் இந்த முறையை விளக்கியிருக்கிறார். காலப்போக்கில் அது நல்ல கருவியாகவே மாறியது. மரக்கட்டைக்குப் பதிலாகக் கால்வட்ட வடிவத்தில் ஒரு மெல்லிய பலகை, அதன் வளைந்த விளிம்பில் ஈயம், அந்தக் கனத்தால் பலகை தண்ணீரில் செங்குத்தாக நின்று நகராமல் பிடித்துக்கொள்ளும். பலகையில் ஒரு நீளக் கயிறு, கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள். ஒருவர் கயிறு சுற்றிய உருளையைத் தூக்கிப் பிடிப்பார், இன்னொருவர் கையில் மணல் கடிகாரம், மூன்றாமவர் பலகையைப் பின்புறத்திலிருந்து கடலில் எறிந்து கயிற்றை ஓடவிடுவார். கப்பல் கலக்கிவிட்டுப் போகும் நீரைத் தாண்டிப் பலகை அமைதியாக நிற்க வேண்டும் என்பதற்காகக் கயிற்றின் முதல் பகுதியில் முடிச்சே இருக்காது, அங்கே ஒரு துணிக் கிழிசல் அடையாளமாக இருக்கும். அந்தத் துணி கையைத் தாண்டும் நொடியில்தான் மணல் கடிகாரத்தைத் திருப்புவார்கள். மணல் தீர்ந்ததும் கயிற்றைப் பிடித்து நிறுத்தி, எத்தனை முடிச்சு கையைக் கடந்து போயிருக்கிறது என்று எண்ணுவார்கள்.

ஆங்கிலத்தில் முடிச்சுக்கு 'நாட்'. இன்றைக்கும் கப்பல் வேகத்தையும் புயல் காற்றின் வேகத்தையும் நாட் கணக்கில் சொல்வது இதனால்தான். கணக்கு எவ்வளவு நேர்த்தி என்று பாருங்கள்: கடிகாரம் 28 நொடி ஓடும், முடிச்சுகளுக்கு இடையே 47 அடி 3 அங்குலம், அதாவது சுமார் 14.4 மீட்டர். 28 நொடியில் 14.4 மீட்டர் என்றால் ஒரு மணி நேரத்தில் 1852 மீட்டர், அதுதான் ஒரு கடல் மைல். எனவே கையைக் கடந்த முடிச்சுகளின் எண்ணிக்கையே மணிக்கு எத்தனை கடல் மைல் என்ற விடை. பெருக்கல் வகுத்தல் எதுவும் தெரியாத மாலுமியும் எண்ணிச் சொல்லிவிடலாம்.

சரி, எண்ணிய வேகத்தை என்ன செய்வது? எழுதி வைக்க வேண்டும். முதலில் பலகையிலோ சிலேட்டிலோ சுண்ணாம்புக்கட்டியால் எழுதுவார்கள், அப்புறம் அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் படியெடுப்பார்கள். கட்டை தந்த எண்ணை எழுதும் புத்தகம் என்பதால் அது 'லாக்புக்'. 17ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பெயர் வந்துவிட்டது. வேகத்தோடு திசை, காற்று, வானிலை, யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பாய் கிழிந்தது என்று எல்லாமே அதில் ஏறியது. பிறகு 'புக்' உதிர்ந்து வெறும் லாக் ஆனது, எழுதும் செயலுக்கும் அதே சொல் வினையானது. கட்டை மறைந்துவிட்டது, அதன் பெயர் புத்தகத்தில் தங்கிவிட்டது.

இதில் நான் அதிகம் யோசித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலக் கப்பல்களில் வடக்கு தெற்கு எவ்வளவு வந்திருக்கிறோம் என்பதைச் சூரியனையும் துருவ நட்சத்திரத்தையும் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். கிழக்கு மேற்கு தெரியாது, அதைக் கண்டுபிடிக்க நேரத்தைத் துல்லியமாகக் காட்டும் கடிகாரம் வேண்டும். கடலில் நம்பி வைத்துக்கொள்ளும்படியான கடிகாரத்தை ஜான் ஹாரிசன் செய்து முடித்தது 1760 வாக்கில்தான், அது எல்லாக் கப்பலுக்கும் போய்ச் சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை வேகத்தை நேரத்தால் பெருக்கித் தூரம் கணக்கிடுவதுதான் வழி. அப்படியானால் லாக்கில் ஒரு மணி நேரக் குறிப்பு விட்டுப்போனால் வரைபடத்தில் கப்பல் தப்பான இடத்தில் இருக்கிறது என்று பொருள், பாறை எங்கே என்று தெரியாது என்று பொருள். லாக்கை ஒழுங்காக எழுதும் பழக்கம் அங்கே உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

கணினிக்கு வந்த கதை

பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தத் தொடங்கிய 1960களில், யார் எப்போது வந்தார், எவ்வளவு நேரம் வேலை செய்தார் என்று எழுதி வைக்க வேண்டியிருந்தது. வந்ததைப் பதிவது லாக் இன், போனதைப் பதிவது லாக் அவுட். தமிழில் 'உள்நுழை' என்று எழுதுவதை விட, தமிழ் விக்கிப்பீடியாவில் பார்த்திருப்பீர்களே, 'புகுபதிகை', 'விடுபதிகை', அவை மூலச் சொல்லின் பொருளை அப்படியே பிடித்திருக்கின்றன: புகும்போது பதிவது, விடும்போது பதிவது. உருவாக்கியவருக்கு லாக்புக் மனதில் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் முதல் செய்தி போனது 1969 அக்டோபர் 29 இரவு. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு சார்லி கிளைன் என்ற மாணவர் தட்டச்சு செய்ய முயன்ற சொல் 'லாகின்'. 'எல்', 'ஓ' இரண்டு எழுத்து போனதுமே எதிர்முனைக் கணினி விழுந்துவிட்டது, சுமார் ஒரு மணி நேரம் கழித்துத்தான் முழுதாகப் போனது. இந்த நாளும் நேரமும் எப்படி நமக்குத் தெரியும்? பக்கத்தில் கையால் எழுதும் ஒரு லாக்புக் இருந்தது. இரவு 10:30 என்று நேரம் போட்டு, ஸ்டான்ஃபோர்ட் கணினியோடு பேசினோம் என்ற பொருளில் ஒரே ஒரு வரி. ஆச்சரியக்குறி இல்லை, வரலாறு படைத்தோம் என்ற பேச்சு இல்லை. எது முக்கியம் என்று எழுதுகிறவருக்கு அந்த நேரத்தில் தெரியாது, தெரியாமலேயே எழுதி வைப்பதுதான் லாக்கின் பலம்.

1997இல் ஜோர்ன் பார்கர் இணையத்தில் தான் படித்தவற்றைத் தொகுத்த பக்கத்தை 'வெப்லாக்' என்றார். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதை இரண்டாக உடைத்து 'வீ பிளாக்' என்று விளையாட, பிளாக் பிறந்தது. நாம் அதை வலைப்பதிவு என்றோம், வலைப்பூ என்றும் சொன்னோம். வ்ளாக் என்று வீடியோ எடுப்பவர்கள் சொல்வதிலும் கடைசியில் ஒட்டிக்கொண்டிருப்பது அதே கட்டைதான்.

குழம்பாமலிருக்க ஒன்று: கால்குலேட்டரில் இருக்கும் லாக் பொத்தானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது ஜான் நேப்பியர் 1614இல் வெளியிட்ட லாகரிதத்தின் சுருக்கம், 'லோகோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கேட்டலாக், டயலாக் எல்லாம் அந்தக் கிரேக்கக் குடும்பம்.

டைரி, ஜர்னல் இரண்டும் 'நாள்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை, அதனால் நாள் முடிந்து உட்கார்ந்து எழுதினால் போதும். கூட்டக் குறிப்பைச் சொல்லும் மினிட்ஸ், சிறிய எழுத்து என்ற பொருளில் வந்தது. ரெக்கார்டில் இருப்பது 'இதயம்' என்ற லத்தீன் சொல், மனதில் மீண்டும் கொண்டுவருவது. லாக் மட்டும்தான் அளக்கும் கருவியிலிருந்து வந்தது. அதனால் அதை எழுதும் விதமும் வேறு.

இனி, எப்படி எழுதுவது

முதலில் நேரம். வேறு எதையும் எழுதுவதற்கு முன் நேரத்தை எழுதுங்கள். காலையா மாலையா என்ற குழப்பம் வராமல் 24 மணி நேரக் கணக்கில் எழுதுவது நல்லது. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் போடுங்கள், 2024-03-09 என்பது போல. 03-09 என்று மட்டும் எழுதினால் மார்ச் ஒன்பதா, செப்டம்பர் மூன்றா என்று ஆளுக்கு ஒரு விதமாகப் படிப்பார்கள். 1988இல் வந்த ஐஎஸ்ஓ 8601 தரம் சொல்வதும் இந்த வரிசையைத்தான், கணினியில் கோப்புகளுக்கு இப்படிப் பெயர் வைத்தால் தானாகவே கால வரிசையில் நின்றுகொள்ளும். வெவ்வேறு நாடுகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதினால் எந்த நாட்டு நேரம் என்பதையும் முதல் பக்கத்திலேயே முடிவு செய்து எழுதிவிடுங்கள்.

அடுத்தது, பார்த்ததையும் நினைத்ததையும் கலக்காதீர்கள். பெரும்பாலான லாக்குகள் பயனில்லாமல் போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 'மோட்டார் கெட்டுவிட்டது' என்பது பார்த்தது இல்லை, முடிவு. '10:40, மோட்டாரிலிருந்து கருகல் வாடை, 10:41 சுவிட்சை அணைத்தேன், மேல்பகுதி தொட முடியாத சூடு' என்பது பார்த்தது. முதல் வரியை வைத்துப் பழுது பார்க்க வருபவரால் ஒன்றும் செய்ய முடியாது, இரண்டாவதை வைத்து எங்கே தொடங்கலாம் என்று யோசிக்க முடியும். உங்கள் ஊகத்தை எழுதவே கூடாது என்று இல்லை, எழுதுங்கள், ஆனால் 'ஊகம்' என்று முன்னால் போட்டு எழுதுங்கள். நாளைக்கு ஊகம் தப்பு என்று தெரிந்தாலும் பார்த்த வரி அப்படியே நிற்கும். தண்ணீரில் நின்ற பலகை மாதிரி.

இதற்கு நான் பார்த்ததிலேயே சிறந்த எடுத்துக்காட்டு ஹார்வர்டின் மார்க் 2 கணினியின் லாக்புக். 1947 செப்டம்பர் 9, நேரம் 15:45, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) எண் 70, பேனல் எஃப், ரிலேக்குள் அந்துப்பூச்சி. எழுதியதோடு நிற்காமல் அந்தப் பூச்சியையே பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிவிட்டார்கள், நிஜமாகவே 'பக்' கிடைத்த முதல் சம்பவம் என்று கீழே ஒரு வரி. இயந்திரக் கோளாறைப் பூச்சி என்று சொல்வது அதற்கு முன்பே எடிசன் காலத்திலேயே இருந்ததால்தான் அந்த 'நிஜமாகவே' என்ற சொல். அந்தப் பக்கம் இன்று ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேரம், இடம், கண்டது, சான்று, எல்லாம் நான்கைந்து வரிக்குள். பூச்சியை ஒட்ட வேண்டாம், ஒரு புகைப்படமோ பிழைச் செய்தியின் சரியான வாசகமோ சேர்த்தால் போதும். பிழைச் செய்தியை உங்கள் சொந்த வார்த்தையில் மாற்றி எழுதாதீர்கள், எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுங்கள்.

உடனே எழுதுங்கள். சாயங்காலம் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், நடந்து முடிந்தது தெரிந்த மனசு முன்னால் நடந்ததையும் திருத்திவிடும், நமக்கே தெரியாமல். கையில் நோட்டு இல்லையென்றால் கிடைத்த துண்டுத்தாளில் நேரத்தோடு கிறுக்கிவிட்டு அப்புறம் படியெடுங்கள், சிலேட்டில் எழுதிப் புத்தகத்தில் ஏற்றிய மாலுமிகள் செய்ததும் அதுதான். தாமதமாக எழுத நேர்ந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்: '14:10க்கு நடந்தது, 16:30க்கு நினைவிலிருந்து எழுதுகிறேன்'.

தப்பாக எழுதிவிட்டால் அழிக்காதீர்கள். ஒரு கோடு போட்டு அடியுங்கள், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, திருத்திய நேரத்தைப் போடுங்கள், பலர் எழுதும் நோட்டாக இருந்தால் பெயரின் முதல் எழுத்தையும். தாளைக் கிழிக்கவே கூடாது. வெள்ளைத் திரவம் பூசிய லாக்கை யாரும் முழுதாக நம்ப மாட்டார்கள், அதற்கு அடியில் என்ன இருந்தது என்ற கேள்வி எப்போதும் இருக்கும்.

ஒன்றும் நடக்காவிட்டாலும் எழுதுங்கள். 'மாற்றம் இல்லை' என்ற வரிக்கும் வெற்று இடத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வெற்று இடம் என்றால் ஒன்றும் நடக்கவில்லையா, யாரும் பார்க்கவில்லையா என்று தெரியாது. இப்படிச் சலிக்காமல் எழுதியதன் பயன் எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது: 1750 முதல் 1850 வரையிலான பிரிட்டன், ஸ்பெயின், நெதர்லாந்து, பிரான்ஸ் கப்பல்களின் லாக்புக்குகளில் தினமும் எழுதிய காற்றுக் குறிப்புகளைத் திரட்டித்தான் பழைய காலத்துப் பருவநிலையைப் பற்றிய ஒரு தரவுத்தளத்தையே உருவாக்கியிருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு அது வெறும் அன்றாட வேலை.

சொற்களை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 'காற்று பலமாக இருந்தது' என்று ஒருவர் எழுதினால் அவருடைய பலம் எவ்வளவு? பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1806இல் இதற்காகத்தான் காற்றுக்கு எண் வைத்தார், காற்றே இல்லாத நிலையிலிருந்து சூறாவளி வரை, பிரிட்டிஷ் கடற்படை 1838இல் அதைத் தன் லாக்குகளில் கட்டாயமாக்கியது. நீங்களும் அப்படி ஒன்றை முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். வலியைக் குறிப்பதாக இருந்தால் 0 முதல் 10 வரை, 3 என்றால் வேலை செய்ய முடிகிறது, 7 என்றால் படுக்கத்தான் முடிகிறது என்று விளக்கத்தோடு. கணினி உலகில் சிஸ்லாக் என்ற முறையும் இதே வழிதான், 0 என்றால் கணினியே பயன்படாத அவசர நிலை, 7 என்றால் நிரலாளர் மட்டும் பார்க்க வேண்டிய சின்ன விவரம்.

நிரல் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒன்று. கடவுச்சொல், அட்டை எண் போன்றவை லாக்கில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2018 மே மாதம் ட்விட்டர் தன் பயனர்கள் எல்லாரையும் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னது, உள் லாக் ஒன்றில் கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் பதிவாகியிருந்ததுதான் காரணம். கையால் எழுதும் லாக்குக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், நோட்டு யார் கைக்கு வேண்டுமானாலும் போகும்.

என் அனுபவம் ஒன்று. அப்பாவுக்குக் காய்ச்சல், வீட்டில் மூன்று பேர் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். எப்போது ஏறுகிறது, மாத்திரை கொடுத்து எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று மருத்துவர் கேட்டபோது மூன்று பேரும் மூன்று பதில் சொன்னோம், மூன்று பேருமே உண்மையைத்தான் சொல்வதாக நம்பினோம். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டைத் தலைமாட்டில் வைத்தேன். நேரம், வெப்பநிலை, கொடுத்த மருந்து, சாப்பிட்டது, அவ்வளவுதான். இப்படி இருந்தது:

06:00 — 99.1. தூங்கி எழுந்தார். அரை டம்ளர் கஞ்சி.
12:00 — 99.4. மாற்றம் இல்லை.
18:30 — 102.2. நடுக்கம். 18:40 பாரசிட்டமால் ஒன்று.
20:00 — 101.8.
22:00 — 100.2. வியர்வை. தூங்குகிறார்.

மூன்று நாள் பக்கங்களைப் பார்த்ததும் ஒவ்வொரு நாளும் மாலையில்தான் ஏறுகிறது என்பது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது, அதுவரை யாருக்கும் தெரியவில்லை. மருத்துவர் விரலை வைத்து மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு, அந்த நேரங்களை வைத்துத்தான் என்ன பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தார். அப்புறம் நோட்டைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளச் சொன்னார்.

எழுதியதை அவ்வப்போது திருப்பிப் படியுங்கள், வாரம் ஒரு தடவையாவது. ஒரே மாதிரி வரி மீண்டும் வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

கடைசியாக, நிறுத்தும்போது நிறுத்துகிறேன் என்று எழுதுங்கள். மேரி செலஸ்ட் என்ற கப்பலை 1872 டிசம்பரில் அட்லாண்டிக்கில் ஆளே இல்லாமல் கண்டுபிடித்தார்கள். அதன் லாக் சிலேட்டில் கடைசிக் குறிப்பு நவம்பர் 25 காலை 8 மணி, அசோர்ஸ் தீவுகளில் சான்டா மரியாவுக்கு அருகில். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அந்த நேரம் வரை ஆட்கள் இருந்தார்கள் என்பதைச் சிலேட்டு சொல்கிறது, ஏன் நின்றது என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. உங்கள் லாக் சாதாரணமானதாக இருக்கலாம், ஆனாலும் பாதியில் நின்ற நோட்டை ஆறு மாதம் கழித்துத் திறப்பவருக்கு, அது நீங்களே ஆனாலும், வேலை முடிந்ததா, சலித்துப் போனதா, நோட்டு தொலைந்ததா என்று தெரியாது. அப்பாவின் நோட்டில் கடைசி வரி இதுதான்:

18:00 — 98.4. ஐந்து நாளாகக் காய்ச்சல் இல்லை. குறிப்பை நிறுத்துகிறேன்.